வீட்டு வெந்நீர்ச் சூடேற்றும் ஏற்பாட்டில் தெர்மாஸ்டாட்டும் வால்வும்: கம்பி இணைப்பின் விளக்கம்

கவலை இறைக்கும் குடியானவன் மாட்டை ஓட்டுமுன், வாய்க்காலில் எந்த மடை திறந்திருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொள்வான். மடையெல்லாம் அடைத்திருக்கையில் நீரிறைத்தால் வாய்க்கால் கரை உடைந்துபோகும். மாடும் ஆளும் பட்ட பாடு வீணாகும். வழி திறந்த பின்னரே நீர் என்னும் இவ்விதி பாசனத்திற்கு மாத்திரம் உரியதன்று. குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்குவதற்காகக் குழாய் வழியே வெந்நீரைச் செலுத்தும் ஏற்பாடும் இவ்விதியையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே மடைக்குப் பதில் வால்வும், நீர்க்கட்டிக்குப் பதில் தெர்மாஸ்டாட்டும், மாட்டுக்குப் பதில் மின்சாரப் பம்பும் அமைந்துள்ளன. இவற்றிற்கிடையே செல்லும் கம்பிகள் எவ்வாறு ஆணையைக் கொண்டு செல்கின்றன என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

இங்கிலாந்தின் தலைநகரான லண்டனில் சனவரி மாதத்துச் சராசரி உஷ்ணம் சுமார் 5 டிகிரி செண்டிகிரேடாகும். அத்தகைய காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு நின்றுபோனால் கைக்குழந்தைகளும் முதியோரும் நோய்வாய்ப்படுவர். வீடு பூட்டிக்கிடந்து நீர் உறைய நேர்ந்தால், உறையும் நீர் சுமார் 100-க்கு 9 பங்கு பருத்துக் குழாயையே பிளந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று அந்நாட்டில் குடியேறியுள்ள தமிழர் இல்லங்களுக்கும் இது பொருந்தும். ஏற்பாட்டின் கம்பி இணைப்பை அறியாதவர், பழுது ஒன்றிருக்க வேறொன்றை மாற்றிப் பணத்தை இழக்கின்றனர். சிலர் மின்சாரத்தைத் தொட்டு உயிரையே இழக்கும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். ஆகவே இதை அறிந்துகொள்ளுதல் வீட்டுக்காரருக்கும் மின்சார வேலை கற்போருக்கும் ஒருங்கே பிரயோஜனமாகும்.

ஏற்பாட்டின் உறுப்புகள்

பிரிட்டிஷ் வீடுகளில் பெருவழக்காயுள்ள ஏற்பாட்டில் பின்வரும் உறுப்புகள் காணப்படும்.

முதலாவது, எரிவாயுவினாலோ எண்ணெயினாலோ நீரைச் சூடாக்கும் பாய்லர். இரண்டாவது, அந்நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்பு. மூன்றாவது, அறைதோறும் சுவரோரம் பொருத்தப்பட்ட ரேடியேட்டர் என்னும் இரும்புத் தட்டுகள். இவற்றினுள் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும். நான்காவது, குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வேண்டிய வெந்நீரைச் சேமிக்கும் செப்புக் கலம். பாய்லரிலிருந்து வரும் நீர் இக்கலத்தினுள் ஒரு சுருள் குழாய் வழியே சென்று திரும்புமேயன்றிக் குழாயில் பிடிக்கும் நீரோடு கலப்பதில்லை.

இவ்வாறு பாய்லரிலிருந்து புறப்படும் வெந்நீர் ரேடியேட்டர்களுக்கு ஒரு கிளையாகவும், கலத்திற்கு மற்றொரு கிளையாகவும் பிரிகின்றது. கிளை பிரியுமிடத்தில் இருப்பதே மின்சார வால்வு. இவற்றை ஆளுவதற்கு மூன்று கருவிகள் உண்டு. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை வேலை நடக்கலாமென்று அனுமதிக்கும் நேரக் கருவி ஒன்று. அறையின் உஷ்ணத்தைப் பார்க்கும் அறைத் தெர்மாஸ்டாட் ஒன்று. கலத்தின் மேல் கட்டப்பட்ட கலத் தெர்மாஸ்டாட் ஒன்று. எல்லாக் கம்பிகளும் ஓர் இணைப்புப் பெட்டியில் வந்து கூடும். அப்பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு இடியாப்பச் சிக்கலாகத் தோன்றினும், ஒவ்வொரு கம்பியும் ஒரு கேள்வியையோ ஒரு விடையையோ கொண்டு செல்கிறதென்று அறிந்தால் சிக்கல் தானே அவிழும்.

தெர்மாஸ்டாட் செய்யும் வேலை

தெர்மாஸ்டாட் என்பது உஷ்ணத்தினால் தானே இயங்கும் ஒரு சுவிட்சேயன்றி வேறன்று. கோழிப்பண்ணை வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். முட்டை பொரிக்கும் பெட்டியில் உஷ்ணம் சுமார் 37.5 டிகிரியில் நிலைத்து நிற்பது இதனாலேயே. இக்கருத்தின் தொடக்கமும் முட்டையைச் சார்ந்ததேயாம். ஹாலந்து தேசத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கோர்னேலிஸ் டிரெபெல் என்பார், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தன் சூட்டைத் தானே சீர்ப்படுத்திக்கொள்ளும் அடுப்பொன்றை முட்டை பொரிப்பதற்காக அமைத்தார். இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றாய் ஒட்டி, அவை சூட்டினால் வேறுவேறு அளவில் நீண்டு வளைவதைக் கொண்டு உஷ்ணத்தை ஆளும் கருவிக்கு, ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து ரசாயன நூலார் 1830-இல் உரிமை பெற்றார். தெர்மாஸ்டாட் என்னும் பெயரும் அவர் காலத்தில் வழக்குக்கு வந்தது.

பழைய அறைத் தெர்மாஸ்டாட்டுகளில் இவ்விதத் தகடே உள்ளது. அறை குளிர்ந்தால் தகடு வளைந்து தொடுமுனைகளைச் சேர்க்கும், மின்சாரம் செல்லும். அறை வேண்டிய அளவு சூடானதும் முனைகள் பிரியும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ரேடியேட்டர் சூடான பிறகு பாய்லரை நிறுத்தினாலும் இரும்பில் தங்கிய சூடு அறையை மேலும் சூடாக்கிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, தெர்மாஸ்டாட்டினுள் தகட்டுக்கருகே சிறு சூடேற்றும் தடைக்கம்பி ஒன்றை வைத்திருப்பர். அது தகட்டைச் சிறிது முன்னதாகவே சூடாக்கி, அறை மிகையாகக் காய்வதற்குமுன் சுவிட்சைப் பிரிக்கும். இந்தத் தடைக்கம்பி வேலை செய்யத் தெர்மாஸ்டாட்டுக்கு நியூட்ரல் கம்பியும் வேண்டும். சுவிட்சுக்கு இரண்டு கம்பி போதுமேயென்று கருதி நியூட்ரலை விட்டுவிட்டால், கருவி இயங்கும். ஆயினும் அறை ஒருசமயம் மிகச் சூடாகவும் ஒருசமயம் மிகக் குளிராகவும் மாறிமாறி இருக்கும். குறை இணைப்பில் இருக்க, கருவியே கெட்டதென்று பழி சுமத்துவோர் பலர்.

ரேடியேட்டரின் ஓரத்தில் எண்கள் பொறித்த திருகுபிடி ஒன்று காணப்படும். இதுவும் உஷ்ணத்தினால் இயங்குவதே. எனினும் அதில் மின்சாரக் கம்பி யாதும் இல்லை. அதனுள் இருக்கும் மெழுகோ திரவமோ சூட்டினால் பருத்து அந்த ஒரு தட்டுக்குச் செல்லும் நீரை மட்டும் குறைக்கும். பாய்லரை நிறுத்தும் அதிகாரம் அதற்கில்லை. அறைத் தெர்மாஸ்டாட் இருக்கும் அறையில் இத்தகைய பிடியை வைப்பதும் தகாது. வைத்திருப்பின் முழுவதும் திறந்துவிடல் வேண்டும். இல்லையேல் பிடி நீரை அடைக்க, அறை சூடேறாது. தெர்மாஸ்டாட் ஓயாது கேட்டுக்கொண்டேயிருக்கும்.

வால்வின் இரட்டை வேலை

அறைத் தெர்மாஸ்டாட் நேரே பாய்லரை எரியச் செய்கின்றது என்று எண்ணுவது பலருடைய பிழை. உள்ளபடி அது வால்வைத்தான் அழைக்கின்றது. பாய்லரை எரியச் சொல்வது வால்வேயாகும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

இருவழி வால்வில் நீர் செல்லும் பித்தளை உடலும், அதன்மேல் ஒரு சிறு தகரப் பெட்டியும் உள்ளன. பெட்டியினுள் ஒரு சிறு மோட்டார், ஓர் எதிர் ஸ்பிரிங், ஒரு சிறு சுவிட்சு ஆகிய மூன்றும் அடங்கும். தெர்மாஸ்டாட்டிலிருந்து மின்சாரம் வந்ததும் மோட்டார் மெல்லச் சுழன்று ஸ்பிரிங்கை எதிர்த்து நீர்வழியைத் திறக்கும். வழி ஏறக்குறைய முழுதும் திறந்த பின், மோட்டாரின் பற்சக்கரம் சிறு சுவிட்சை அழுத்தும். அச்சுவிட்சு மூடியவுடனேதான் பம்புக்கும் பாய்லருக்கும் மின்சாரம் செல்லும். தெர்மாஸ்டாட் பிரிந்ததும் மோட்டார் வலுவிழக்கும், ஸ்பிரிங் வழியை அடைக்கும், சுவிட்சும் திறந்துகொள்ளும்.

எனவே வால்வுக்கு வேலை இரண்டு. மடையைத் திறப்பது ஒன்று. மடை திறந்ததென்று ஆளனுப்பி அறிவிப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பெட்டியில் நடப்பினும் அவை தனித்தனியே கெடக்கூடியவை. மோட்டார் நன்றாயிருந்து சுவிட்சு கெடலாம். சுவிட்சு நன்றாயிருந்து மோட்டார் எரிந்துபோகலாம்.

எஸ் திட்டம்

ஹனிவெல் கம்பெனியார் தங்கள் கருவிகளுக்கு வகுத்த இணைப்பு முறைகளில் எஸ் திட்டம், ஒய் திட்டம் என்னும் இரண்டும் பிரிட்டனில் பொதுப் பெயர்களாகவே வழங்கிவிட்டன.

எஸ் திட்டத்தில் இரண்டு இருவழி வால்வுகள் உள. ஒன்று ரேடியேட்டர்க் கிளைக்கும் ஒன்று கலத்தின் கிளைக்கும் உரியது. ஒவ்வொரு வால்விலிருந்தும் ஐந்து கம்பிகள் புறப்படும். அவையாவன:

1. பழுப்பு: தெர்மாஸ்டாட்டிலிருந்து மோட்டாருக்கு வரும் கம்பி.

2. நீலம்: நியூட்ரல்.

3. பச்சையும் மஞ்சளும் கலந்தது: எர்த்.

4. சாம்பல்: சிறு சுவிட்சின் ஒரு முனை. இதில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும்.

5. ஆரஞ்சு: சிறு சுவிட்சின் மறுமுனை. இது பாய்லருக்கும் பம்புக்கும் செல்லும்.

ஆணை செல்லும் வழியைத் தொடர்ந்து நோக்குக. பேஸ் கம்பி (அந்நாட்டார் இதை லைவ் என்பர்) முதலில் நேரக் கருவிக்குச் செல்லும். நேரம் அனுமதித்தால் அங்கிருந்து அறைத் தெர்மாஸ்டாட்டுக்குச் செல்லும். அறை குளிர்ந்திருந்தால் தெர்மாஸ்டாட் அதைப் பழுப்புக் கம்பிக்கு விடும். மோட்டார் சுழன்று வழி திறக்கும். அப்போது சாம்பல் கம்பியிற் காத்திருந்த மின்சாரம் சுவிட்சு வழியே ஆரஞ்சுக்குப் பாயும், பம்பு ஓடும், பாய்லர் எரியும். கலத்தின் பகுதியும் இவ்வாறே. அறைத் தெர்மாஸ்டாட்டுக்குப் பதில் கலத் தெர்மாஸ்டாட் என்பதே வேறுபாடு.

இரு வால்வுகளின் ஆரஞ்சுக் கம்பிகளும் இணைப்புப் பெட்டியில் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே எந்த ஒன்று திறந்தாலும் பாய்லர் எரியும். இரண்டும் அடைத்தாலன்றி நிற்காது. வேண்டுவோர் யாருமில்லாதபோது பாய்லர் எரியாதபடி காக்கும் இவ்வமைப்பு எரிபொருள் வீணாவதைத் தடுக்கின்றது.

ஒய் திட்டம்

ஒய் திட்டத்தில் ஒரே ஒரு மூவழி வால்வு உள்ளது. நீர் ஒரு வாயில் நுழைந்து, ரேடியேட்டர் வாய், கலத்தின் வாய் என்னும் இரண்டில் ஒன்றன் வழியாகவோ, இரண்டின் வழியாகவோ வெளிச்செல்லும். இரு வாய்க்கால் கூடுமிடத்தில் ஒரே பலகையை இப்புறமும் அப்புறமும் நகர்த்தி நீரைப் பகிர்வது போன்றது இது.

மின்சாரம் இல்லாதபோது பலகை ரேடியேட்டர் வாயை அடைத்து நிற்கும். கலத்தின் வாய் திறந்திருக்கும். இதிலும் ஐந்து கம்பிகள் உண்டு. நீலமும், பச்சை மஞ்சளும் முன் கூறியவாறே. வெள்ளைக் கம்பி, ரேடியேட்டருக்கு நீர் வேண்டுமென்று அறைத் தெர்மாஸ்டாட் சொல்வது. சாம்பல் கம்பி, கலத்திற்கு நீர் வேண்டாமென்று சொல்வது. ஆரஞ்சு, பாய்லருக்கும் பம்புக்கும் செல்வது. வேண்டாமென்னும் விடையையும் ஒரு கம்பி சுமப்பதே இத்திட்டத்தின் விசேஷம். ஆதலால் இங்குள்ள கலத் தெர்மாஸ்டாட்டுக்கு, கலம் குளிர்ந்திருக்கையில் மூடும் முனை ஒன்றும், சூடான பின் மூடும் முனை ஒன்றுமாக இரண்டு முனைகள் வேண்டும். நேரக் கருவியிலும் வெந்நீர் நிறுத்தம் என்பதற்கெனத் தனி முனை இருத்தல் வேண்டும்.

மூன்று நிலைகளைத் தனித்தனியே காண்க.

வெந்நீர் மட்டும் வேண்டின்: வெள்ளையிலும் சாம்பலிலும் மின்சாரம் இல்லை. வால்வு ஓய்வு நிலையிலேயே நிற்கும். கலத் தெர்மாஸ்டாட் நேரே ஆரஞ்சுக்கு மின்சாரம் தந்து பாய்லரை எரிக்கும்.

இரண்டும் வேண்டின்: வெள்ளையில் மின்சாரம் வரும், சாம்பலில் இராது. மோட்டார் பாதி தூரம் சென்று நிற்கும். இரு வாய்களும் திறந்திருக்கும். பாய்லருக்கு மின்சாரம் தருவது கலத் தெர்மாஸ்டாட்டே.

ரேடியேட்டர் மட்டும் வேண்டின்: வெள்ளை, சாம்பல் இரண்டிலும் மின்சாரம் வரும். மோட்டார் முழுதும் சென்று கலத்தின் வாயை அடைக்கும். அப்போது கலத் தெர்மாஸ்டாட் மின்சாரம் தருவதில்லையாதலால், வால்வினுள் இருக்கும் சுவிட்சே ஆரஞ்சுக்கு மின்சாரம் தரும்.

நிறத்தை நம்பலாகாது

எஸ் திட்டத்தில் சாம்பல் கம்பி எந்நேரமும் மின்சாரமுள்ளது என்றும், ஒய் திட்டத்தில் அதே சாம்பல் வெந்நீர் வேண்டாமென்னும் சைகையைச் சுமப்பது என்றும் மேலே கூறப்பட்டது. ஒரே நிறம், இரண்டு பொருள். ஒரு திட்டத்தை மட்டும் அறிந்தவர் மற்றொன்றைத் தொட்டால் ஏற்பாடு கெடும். கை வைத்தவருக்கும் தீங்கு நேரும்.

அறைத் தெர்மாஸ்டாட்டை முழுதும் தணித்துவிட்டால் வால்வில் மின்சாரம் இராதென்று நினைப்பது பெரும் பிழை. எஸ் திட்டத்தில் சாம்பல் அப்போதும் உயிருடன் இருக்கும். ஒரு வால்வு மூடியிருந்தாலும், மற்ற வால்வு திறந்திருக்குமாயின் சேர்த்துக் கட்டிய ஆரஞ்சு வழியே மூடிய வால்வின் ஆரஞ்சிலும் மின்சாரம் இருக்கும். ஒய் திட்டத்திலோ, வெந்நீரை நேரக் கருவியில் நிறுத்தியதே சாம்பலில் மின்சாரம் வருவதற்குக் காரணமாகும். ஏற்பாட்டை நிறுத்திவிட்டோமென்று எண்ணிக் கம்பியைத் தொடுபவர் 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடுகின்றார்.

வீட்டுச் சுவருக்குள் செல்லும் கம்பியின் நிறமும் காலத்துக்குக் காலம் வேறுபடும். பிரிட்டனில் முன்னாளில் சிவப்பு பேஸாகவும் கறுப்பு நியூட்ரலாகவும் இருந்தன. 2004-இல் புதிய நிறங்கள் அனுமதிக்கப்பட்டு, 2006 மார்ச்சுக்குப் பின் புதிய வேலைகளில் பழுப்பு பேஸாகவும் நீலம் நியூட்ரலாகவும் கட்டாயமாயின. பழைய வீட்டில் புதிய கருவி பொருத்தியிருப்பின் இரு முறைகளும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். இந்தியாவில் மும்முனை மின்சாரத்தில் நீலம் ஒரு பேஸாக வழங்குவதை அறிந்தவர், அங்கே நீலம் நியூட்ரலென்பதை நினைவிற் கொள்க. மேலும், சுவிட்சு வரை சென்று திரும்பும் கம்பிக்கு எந்த நிறம் கிடைத்ததோ அதையே பயன்படுத்திய வேலையாட்களும் உண்டு. ஆதலால் நிறத்தை விடுத்து, கம்பி எங்கிருந்து புறப்பட்டு எம்முனையில் முடிகிறதென்பதையே நோக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு முனையையும் எண்ணிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வது அறிவுடைமை.

பழுதைக் கண்டறியும் முறை

ஒரு வீட்டில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் இருப்பதாகவும், எஸ் திட்ட ஏற்பாடுள்ள அவ்வீட்டில் குளிர்காலத்து இரவொன்றில் ரேடியேட்டர்கள் குளிர்ந்துபோனதாகவும் கொள்க. அறைத் தெர்மாஸ்டாட்டை எவ்வளவு உயர்த்தினும் பயனில்லை. வந்து பார்த்தவர் தெர்மாஸ்டாட் கெட்டதென்று புதியதொன்று பொருத்துகின்றார், அதிலும் பயனில்லை. பின்னர் பம்பை மாற்றுகின்றார். பாய்லரே பழையதாயிற்று என்கின்றார். இதற்குள் சில நாட்களும் பெருந்தொகையும் கழிந்துவிடும். குழாயில் வெந்நீர் மாத்திரம் தடையின்றி வந்துகொண்டிருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை.

வெந்நீர் வருகின்றதென்றால் பாய்லர் எரிகின்றது, பம்பும் ஓடுகின்றது. எனவே அவ்விரண்டையும் ஐயுற இடமில்லை. பழுது அறைத் தெர்மாஸ்டாட்டுக்கும் ஆரஞ்சுக் கம்பிக்கும் இடையிலேயே இருத்தல் வேண்டும். அதை இரண்டாய்ப் பிரித்தறிய வால்வின் பக்கத்திலுள்ள சிறு கைப்பிடியே போதும். தெர்மாஸ்டாட்டை உயர்த்திச் சிறிது நேரம் காத்திருந்து அப்பிடியை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். பிடி தடையின்றித் தளர்ந்து அசைந்தால் மோட்டார் வழியைத் திறந்துவிட்டது என்பது பொருள்; வழி திறந்தும் பாய்லர் எரியாமையால் வால்வினுள் உள்ள சிறு சுவிட்சே கெட்டிருத்தல் வேண்டும். பிடி ஸ்பிரிங்கின் எதிர்ப்புடன் இறுக்கமாய் இருந்தால் மோட்டார் சுழலவில்லை. பழுப்புக் கம்பிக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் எரிந்துபோயிற்று என்பது துணிபு. பெட்டியைத் திறவாமலும் கம்பியைத் தொடாமலும் வீட்டுக்காரரே செய்யத்தக்க சோதனை இது. பிற்கால வால்வுகள் பலவற்றில் நீரை வடிக்காமலே மேற்பெட்டியை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் மோட்டாரை மட்டும் மாற்றலாம். அத்தாய் இதை அறிந்திருப்பின், வருபவரிடம் வால்வு திறக்கின்றது, சுவிட்சு ஆணையிடவில்லை என்று முதல் நாளே சொல்லியிருப்பாள்.

வேறு சில குறிகளும் அறியத்தக்கன.

எஸ் திட்டத்தில் எல்லாவற்றையும் நிறுத்திய பின்னரும் பாய்லர் எரிந்துகொண்டேயிருந்தால், ஒரு வால்வின் சிறு சுவிட்சு ஒட்டிக்கொண்டது அல்லது வால்வு திறந்த நிலையிலேயே இறுகிவிட்டது எனக் கொள்ளலாம். பம்பு மட்டும் சில நிமிடம் ஓடி நிற்பது பழுதன்று. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

கோடையில் வெந்நீர் மட்டும் கேட்கையில் ரேடியேட்டரும் சூடேறினால், வால்வு அந்த வழியை முழுதும் அடைக்கவில்லை என்பது பொருள்.

ஒய் திட்டத்தில், ரேடியேட்டரை மட்டும் கேட்டால் பாய்லர் எரியாமல், வெந்நீரையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் வேலை செய்யுமாயின், வால்வினுள் உள்ள சுவிட்சு கெட்டிருக்கலாம், அல்லது சாம்பல் கம்பிக்கு மின்சாரம் வராதிருக்கலாம். வெந்நீரையும் கேட்கும்போது பாய்லருக்கு மின்சாரம் தருவது கலத் தெர்மாஸ்டாட்டே என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

பிற்கால ஏற்பாடுகள்

கலம் இல்லாமல், குழாயைத் திறந்த அக்கணமே நீரைச் சூடாக்கித் தரும் கூட்டுப் பாய்லர்கள் இப்போது பிரிட்டனில் மிகுதி. இவற்றிற் பலவற்றுக்கு வெளியில் வால்வு வேண்டுவதில்லை. தெர்மாஸ்டாட்டிலிருந்து வரும் இரு கம்பிகள் நேரே பாய்லரின் முனைகளிற் சேரும். சில பாய்லர்களில் அம்முனைகள் 230 வோல்ட்டுக்கு உரியன; வேறு சிலவற்றில் சிறு வோல்ட்டுக்கே உரியன. சிறு வோல்ட் முனையில் பெரு மின்சாரத்தை ஏற்றினால் பாய்லரின் உள்ளிருக்கும் மின்பலகை அக்கணமே அழியும். பழைய தெர்மாஸ்டாட்டின் கம்பியை அப்படியே புதிய பாய்லருக்கு இழுத்துக் கட்டுவதால் இத்தகைய நஷ்டம் நேர்கின்றது. பாய்லருடன் வரும் விளக்கப் புத்தகத்தைப் படித்த பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும்.

சில பாய்லர்கள் எரிவது நின்ற பிறகும், உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றப் பம்பைச் சிறிது நேரம் ஓட்டும். இவற்றில் பம்பை ஆரஞ்சுக் கம்பியோடு சேர்க்கலாகாது. பாய்லரின் பம்பு முனையிலேயே சேர்த்து, பாய்லருக்கு எந்நேரமும் மின்சாரம் உள்ள தனிக் கம்பி ஒன்றும் தருதல் வேண்டும். அப்போது வால்வுகள் அடைத்திருக்குமாதலால், நீர் சுற்றிவர ஒரு மாற்றுவழியும் இருத்தல் அவசியம். அணையில் கலிங்கு வைப்பது போன்றதே இது.

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிச் செல்வோருக்கென உறைபனித் தெர்மாஸ்டாட் ஒன்று உண்டு. இது நேரக் கருவியின் அனுமதியைக் கேளாமல், உஷ்ணம் சுமார் 5 டிகிரிக்கு இறங்கியதும் தானே அழைத்து ஏற்பாட்டை இயக்கும். எஸ் திட்டத்தில் இதை ரேடியேட்டர் வால்வின் பழுப்புக் கம்பிக்கே இணைப்பர். வால்வைத் தவிர்த்து நேரே பாய்லருக்கு இணைத்தால், வழி திறவாமல் பாய்லர் எரியும். உறையும் குழாய்க்கு அதனால் யாதொரு காவலும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. ஏற்பாடு முழுமைக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து, 3 ஆம்பியர் பியூஸ் உள்ள ஒரே சுவிட்சு வழியே வருதல் வேண்டும். இரண்டு இடங்களிலிருந்து வந்தால் ஒன்றை நிறுத்தியும் மற்றொன்று உயிருடன் இருக்கும்.

2. பெட்டியைத் திறக்குமுன் அச்சுவிட்சை நிறுத்திப் பியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்க. பிறகு மின்சாரம் இல்லையென்பதைச் சோதனைக் கருவியால் உறுதிப்படுத்துக. அக்கருவி நன்றாய் இருக்கின்றதா என்பதை முன்னும் பின்னும் மின்சாரமுள்ள இடத்தில் சோதித்தல் வேண்டும்.

3. அறைத் தெர்மாஸ்டாட் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், வெயிலும் வாசற்காற்றும் ரேடியேட்டரின் சூடும் நேரே படாத உட்சுவரில் இருத்தல் வேண்டும்.

4. கலத் தெர்மாஸ்டாட் கலத்தின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், மேலுறையை நீக்கி உலோகத்தோடு ஒட்டியிருத்தல் வேண்டும். அதை 60 டிகிரிக்குக் குறைத்து வைப்பதால் தேங்கிய வெந்நீரில் நோய்க் கிருமிகள் பெருக இடமாகும்.

5. பாய்லரின் எரிவாயுப் பகுதியைத் தொடும் உரிமை பிரிட்டனில் பதிவு பெற்ற வேலையாளருக்கே உண்டு. 2009 ஏப்ரல் முதல் கேஸ் சேஃப் என்னும் பதிவேடு இதற்கென உள்ளது. ஐயமுள்ள மின்சார வேலையையும் தேர்ந்தவரிடமே ஒப்புவித்தல் நன்று.

நேரக் கருவி அனுமதிக்கின்றது, தெர்மாஸ்டாட் கேட்கின்றது, வால்வு திறக்கின்றது, திறந்த வால்வு சொல்லப் பாய்லர் எரிகின்றது. இந்நான்கையும் வரிசை தவறாமல் நினைவிற் கொண்டவர், வீடு குளிர்ந்த இரவில் ஆணை எந்த இடத்தில் நின்றதென்று ஒவ்வொரு படியாகக் கேட்டறியலாம். கடைமடைக்கு நீர் வராவிடில் ஏரியைக் குறைகூறாது, வாய்க்கால் வழியே நடந்து அடைப்பைக் காணும் குடியானவனின் முறையே இங்கும் கைக்கொள்ளத்தக்கது.